மருதாணி வெளிறாத விரல்

பக்கத்து வீட்டுக்காரி என்னோடு முதன்முதலாக ஆற அமரப் பேசியபோதே தன் கால்களைப் பற்றித்தான் பேசினாள். குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பின்வளவு வேலிக்கு மேலால் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம் நீட்டினாள். எனக்குச் சீனி வருத்தம், கண்டபடி இனிப்புச் சாப்பிடக்கூடாது என்று சொன்னேன்.

"எனக்கும்தான் அக்கா. ஒண்டு எடுங்கோ, ஒண்டும் செய்யாது," என்றாள்.

எடுக்காவிட்டால் தட்டோடு அங்கேயே நின்றிருப்பாள் போலிருந்தது. எடுத்தேன். நான் மெல்லத் தொடங்கியதும், நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். "என்ர அம்மாவுக்கு இடது காலை எடுத்தவை. பிறகு பெரியக்காவுக்கும் இடது காலைத்தான் எடுத்தவை. அடுத்தது என்ர முறை. ஆனால் நான் என்ர காலை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

உள்ளே வந்து கணவரிடம் சொன்னேன். "உமக்கு வேலிக்கு மேலால கதைக்க வேற கதை கிடைக்கேல்லையோ," என்றார்.

அவள் சூடான்காரி. ஓம்துர்மானில் பிறந்தவள், தாய்மொழி அரபு. நாங்கள் பேசிக்கொண்டது உடைந்த இங்கிலிஷில்தான். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன். 'அக்கா' என்ற சொல்லை மட்டும் அவள் உண்மையாகவே தமிழில் சொல்வாள். என் வீட்டுக்கு வந்துபோகிற பிள்ளைகளிடம் கேட்டுப் பிடித்துக்கொண்டாள்.

மனோர் பார்க்கில் எங்கள் தெரு முழுக்க ஒட்டிக் கட்டிய வீடுகள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் கதவை அடித்தால் இந்தப் பக்கம் சாமிப்படம் ஆடும். அவளும் எங்களைப் போல வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் நடப்பாள். காலையில் அவள் மரப்படியில் இறங்குகிற சத்தம் கேட்டுத்தான் நான் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். இரண்டு காலும் ஒரே அளவாக விழும். அதை நான் கவனித்துக் கேட்டதில்லை, ஆனாலும் காதுக்குப் பழகியிருந்தது.

அவளுடைய கால்களை முதலில் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊரில் மருதோன்றி என்கிற மருதாணி எங்களுக்குச் சிவப்பு. அவளுக்குக் கறுப்பு. பாதத்தின் ஓரம் முழுக்கச் சுற்றிவர, விரல்களை மையில் தோய்த்து எடுத்தது போல, நுனியிலிருந்து அடிவரை மினுமினுவென்று கறுப்பு. கலியாணம் செய்த பெண்கள் அப்படித்தான் போடுவார்களாம். புருஷன் போய்விட்டால் போடக்கூடாது, கறுப்பு தானாகக் கரைந்து போகும்வரை வெள்ளை உடுத்திக்கொண்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்றாள். நான், "எங்கட ஆக்களும் இதில உங்களுக்குக் குறைஞ்ச ஆக்கள் இல்லை," என்றேன். அதற்கு இருவரும் நிறையச் சிரித்தோம்.

ஒருநாள் பின்னேரம் கோப்பிக்குக் கூப்பிட்டாள். இஞ்சி போட்டு, மண் கூசாவில் காய்ச்சிய கோப்பி. ஒரு சின்னக் கோப்பைக்குள் மூன்று கரண்டி சீனி போட்டாள். நான் முறைத்தேன். "விருந்தாளிக்கு வெறும் கோப்பி குடுத்தால் என்ர அம்மா கபுறுக்குள்ள இருந்து எழும்பி வருவா," என்றாள். பிறகு தொலைக்காட்சியில் ஒரு கலியாண வீடியோவைப் போட்டாள். ரியாத்தில் இருக்கிற அவளுடைய மகளின் கலியாணம். மண்டபம் நிறையப் பெண்கள், நிறம்நிறமாகச் சேலை போன்ற உடுப்பு, கைதட்டிப் பாட்டு, மேசை மேசையாகக் கேக்கும் சோடாவும்.

நான் மணப்பெண்ணின் நகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்துபோய் வீடியோவை நிறுத்தி, திரையில் விரலை வைத்தாள்.

"இவ என்ர மச்சாள். சீனி. ஒரு கண் தெரியாது. இது சித்தி. கிட்னி. இவ மூண்டு வருஷத்துக்கு முதல் செத்துப்போனா. இந்தப் பிள்ளையைப் பாருங்கோ, பதினாறு வயசு, ஊசி போடுறாள். இவ நல்லாத்தான் இருக்கிறா. இல்லை, இல்லை, இவவுக்கும் போன வருஷம் வந்திட்டுது."

நிறுத்திய படத்தில் எல்லாரும் சிரித்தபடி, கையைத் தூக்கியபடி நின்றார்கள். அவளுடைய விரல் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தங்கள் தெருவிலேயே ஒரே ஒருத்தருக்குத்தான் சீனி என்றும், பிள்ளைகள் அவரைக் கண்டால் விரலால் காட்டுவார்கள் என்றும் சொன்னாள். "இப்ப வருத்தம் இல்லாத ஆளைத்தான் விரலால காட்டவேணும் அக்கா. அண்ணைமார் எல்லாரும் வளைகுடாவுக்குப் போச்சினம். ஏசிக்குள்ள இருந்து காருக்குள்ள, காருக்குள்ள இருந்து ஏசிக்குள்ள. நடக்கிறது பள்ளிவாசலுக்கு மட்டும்தான், அதுக்கும் கார்."

நான் எங்கள் கலியாண வீடுகளை நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் மாத்திரைப் பெட்டி திறக்கிற சத்தம் மேளச் சத்தத்தை விடக் கூடுதலாகத்தான் கேட்கும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குக் காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். கால் பரிசோதிக்க வரச்சொல்லி வருஷத்துக்கு ஒருமுறை போனில் செய்தி வரும். அதை அழித்துவிடுவேன். வேலைவெட்டி இல்லாதவர்கள் போகட்டும் என்று நினைப்பேன்.

அன்றைக்கு அவளுடைய பெரியக்காவும் கெய்ரோவிலிருந்து போனில் வீடியோ அழைப்பில் வந்தாள். சக்கர நாற்காலியில் இருந்த பெரிய உடம்புக்காரி, நல்ல சிரிப்பு. மருதாணி போட்டு முடித்த வலது பாதத்தைக் கமராவுக்குக் காட்டினாள். பிறகு தங்கையிடம் ஏதோ சொன்னாள். தங்கையின் முகம் மாறியது.

"என்ன சொல்லுறா?"

"வலது காலுக்குப் போடேக்க, இடது காலும் குளிருதாம். இல்லாத கால். குதிக்கால், விரல், எல்லாம் குளிருதாம். ஒவ்வொரு முறையும் அப்பிடித்தானாம்."

அக்காக்காரி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, அடுப்பில் கறி இருக்கிறது என்று பொய் சொல்லி எழுந்து வந்தேன்.

தை மாதத்தில் அவளுடைய கணவர் இறந்துபோனார். மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடுகிறவர், தெருவில் யாரைக் கண்டாலும் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிகிற மனுஷர். அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு பேரும் பர்மிங்காமில் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்திருந்தார்கள். அவளுடைய காலில் மருதாணி புதுக் கறுப்பாக இருந்தது. அவர் போன அன்று மத்தியானம் கார் வந்து நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. நான் பாத்திரம் கழுவி முடித்து ஜன்னலால் பார்க்கிறேன், அவர் பெல்ட்டும் கழற்றாமல் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் வெளியே வந்து கண்ணாடியில் தட்டினாள். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லியிருப்பாள். மறுபடியும் தட்டினாள்.

மாரடைப்பு. நெஞ்சு நோகவே இல்லையாம். அவருக்கும் சீனி. கனகாலம் சீனி இருந்தால் நோவு தெரியாமலே அது வந்துபோகும் என்று அம்புலன்சில் வந்த பெண் சொன்னாள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நோகாமல் வருவது நல்லதுதானே என்று யாரோ சொன்னபோது எரிச்சல் வந்து எழும்பிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. எப்போதும் சந்தனப்புகை மணக்கும் வீடு. துக்கத்தில் வாசனை கூடாது, அதனால் புகை நின்றது. நின்றதும் சுவரெல்லாம் வெறுமையாக மணத்தது. அவள் வெள்ளை உடுத்து, தரையில் மெத்தை போட்டு, சுவரில் சாய்ந்து இருந்தாள். துக்கம் காக்கிற மாதங்கள் முடியும்வரை வெளியே போகமாட்டாள். மகள் ரியாத்திலிருந்து வந்து நின்றுவிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று போய்விட்டாள். நான் காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பேன்.

அந்தக் குளிருக்குள் எங்கள் தெருப்பக்கத்து முருகன் கோயிலில் வெறுங்காலோடு நடக்க எல்லாரும் துள்ளுவார்கள். கல்தரை ஐஸ். நான் மட்டும் நின்று நிதானமாகச் சுற்றுவேன். "உங்களுக்குக் குளிரேல்லையோ அக்கா," என்று கேட்கிறவர்களிடம், "அவனை நினைச்சால் குளிர் என்னத்துக்கு ஏறுது," என்பேன். ஒருநாள் ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மற்றது வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது. "பக்தி முத்திப்போச்சு," என்று கணவர் ஒரு கிழமையாக அதையே சொல்லிச் சிரித்தார்.

அவளுடைய மருதாணி வெளிறத் தொடங்கியது. கறுப்பு கபிலமாகி, கபிலம் தேத்தண்ணி நிறமாகி, பாதத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கரை மட்டும் மிஞ்சியது. துக்கம் கேட்க வந்த பெண்கள் கதைத்துக்கொண்டே அவளுடைய காலைப் பார்ப்பதை நான் கவனித்தேன். இடது காலின் சின்ன விரல் மட்டும் கறுப்பாகவே இருந்தது. மற்ற ஒன்பது விரலிலும் நகத்து நுனியில் மட்டும்தான் நிறம். அந்த ஒன்றில், போட்ட அன்று இருந்ததை விடக் கறுப்பு.

ஒரு மனுஷி கேட்டேவிட்டாள். அரபில்தான் கேட்டாள், ஆனாலும் பார்வையில் எனக்கு விளங்கியது. புருஷன் செத்த வீட்டில் மருதாணி வைத்திருக்கிறாயா என்பதுதான். அவள் காலை வெள்ளைத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எலுமிச்சம்பழம் தேய்ச்சால் போகுமாம் அக்கா. வாங்கித் தாறியளோ? நான் போடேல்லை. சத்தியமாப் போடேல்லை. அவர் இருக்கேக்க போட்டது."

எனக்கு மனம் எரிந்தது. பொட்டை அழித்த எங்கள் பெண்களுக்கு நெற்றியில் வெள்ளையாகத் தெரிகிற அந்த இடத்தை எத்தனை பேர் உற்றுப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "வாற சனியனுகளுக்கு உம்மட கால்விரலைப் பாக்கிறதுதான் வேலையோ," என்று ஏசிவிட்டு, தமிழ்க் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

எங்கள் இரண்டு குளியலறைகளுக்கும் நடுவில் அதே சுவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் நான் பல்லு மினுக்கும்போது அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. சர், சர் என்று கல்லில் எதையோ தேய்க்கிற சத்தம். அவசரமில்லாத சத்தம். நான் முகம் கழுவித் துடைத்து, படியிறங்கிப் போகும்வரை கேட்கும். பிறகு அவளும் இறங்குவாள். அப்போதுதான் இன்னொன்று காதில் பட்டது. இரண்டு காலும் ஒரே அளவாக விழவில்லை. ஒன்று வழக்கம் போல விழுந்தது. மற்றது, யாரோ ஈரத்துணியைப் படியில் போட்டது போல விழுந்தது. என்னையறியாமல் நான் படியில் நின்று அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குரக்கன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு போனேன். அவளுடைய வீட்டுத் திறப்பு ஒன்று என்னிடம் இருந்தது, நானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். மேலே அந்தச் சத்தம் கேட்டது. வாசனை இல்லாத அந்த வீட்டில் மிக மெல்லிதாக ஒரு மணம் இருந்தது, கூடைக்கு அடியில் மறந்துபோன பழம் போல. மேலே போனேன். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. அவள் தொட்டியின் விளிம்பில் குந்தி, இடது காலை வாளிக்கு மேல் வைத்து, குதிக்கால் தேய்க்கிற கல்லால் அந்த விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ அக்கா. புட்டோ? நேற்று உங்களை நினைச்சனான்," என்றாள். கை நிற்கவில்லை. "தேங்காய்ப்பூக் கனக்கப் போட்டனீங்களோ? எனக்குக் கனக்கப் போட்டால்தான் விருப்பம்."

வாளிக்குள் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. எலுமிச்சந்தோல் இரண்டு அதில் மிதந்தது. கல்லோடு சேர்ந்து அவளுடைய தோலும் வந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி புட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புட்டுப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. முழங்காலில் நின்று அவளுடைய காலைப் பிடித்தேன். பெருவிரல் சூடு. அடுத்தது சூடு. அடுத்ததும் சூடு. நாலாவது கொஞ்சம் ஆறியிருந்தது. சின்ன விரல், ஃபிரிட்ஜுக்குள் இருந்து எடுத்தது போல இருந்தது. வற்றிச் சுருங்கி, அவள் வேலிக்கு மேலால் நீட்டுகிற பேரீச்சம்பழத்தைப் போலவே இருந்தது.

"கல்லை வையும்," என்றேன்.

"இன்னும் கொஞ்சம்தான் அக்கா. விடுது."

"கல்லை வை எண்டு சொல்லுறன். இது மருதோன்றி இல்லை."

"மருதோன்றிதான்."

"மருதோன்றி வெளிறும். இது ஏறுது. போன கிழமை விரலோட நிண்டது, இப்ப பார், பாதத்தில கறுப்பு. பக்கத்து விரலிலயும் தொடங்கியிட்டுது. கண் இருக்கோ இல்லையோ உனக்கு?"

நான் அவளை 'நீ' என்று நினைத்தது அன்றைக்குத்தான். அவள் காலை இழுத்து வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டாள். ஆசுப்பத்திரிக்குப் போவோம் என்றேன். துக்கம் முடியாமல் வெளியே போகமாட்டேன் என்றாள். வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போகலாம் என்று உங்கள் மௌலவியே சொல்வார், போன் போட்டுத் தரட்டுமா என்றேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னாள்.

"அம்மாவுக்கும் ஒரு விரல் எண்டுதான் சொன்னவை. பிறகு கணுக்கால் எண்டவை. பிறகு முழங்கால். அதுக்குப் பிறகு அம்மா கன நாள் இருக்கேல்லை. நான் போகமாட்டன். என்னை இப்பிடியே விடுங்கோ. நான் முழுசா அவரிட்டப் போறன்."

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. "முழுசாப் போறாவாம்," என்று கத்தினேன். பிறகு என்னால் கத்த முடியவில்லை. அவளுடைய போனை எடுத்து, அக்காவின் படத்தை அமத்தி, வீடியோ அழைப்பைப் போட்டேன். அந்தக் காலின் மேலிருந்த துணியை விலக்கி, கமராவைக் கீழே பிடித்தேன்.

கெய்ரோவில் சிரிப்பு நின்றது. பிறகு அக்காக்காரி தன் உடுப்பை மேலே இழுத்து, கமராவை மெதுவாகத் தன் மடியிலிருந்து கீழே இறக்கினாள். முழங்கால் வந்தது. அதற்குக் கீழே நாற்காலியின் தகரமும் தரையும்தான் வந்தன. கமராவை அங்கேயே பிடித்துக்கொண்டு பேசினாள். முகம் தெரியவில்லை, குரல் மட்டும். உரத்துப் பேசவில்லை. தங்கை சுவரில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டில் ஓடியது.

கணவர் காரை எடுத்தார். வெள்ளை உடுப்போடு பின்னால் என் பக்கத்தில் இருந்தாள். தெருமுனை தாண்டிய பிறகுதான், அக்கா என்ன சொன்னாள் என்று சொன்னாள்.

"அவவும் புண்ணைக் கறுப்பு மருதோன்றிக்குக் கீழ ஒளிச்சு வைச்சவவாம். வெளிற வெளிற, மேல மேல போட்டவவாம். டாக்டர்மார் என்ர காலை எடுக்கேல்லை, நான்தான் பொத்திப் பொத்திக் குடுத்தனான் எண்டு சொன்னா."

கண்ணாடியில் கணவர் என்னைப் பார்த்தார்.

ஆசுப்பத்திரியில் கால் பார்க்கிற பகுதிக்கு அனுப்பினார்கள். நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, ஒரு தாதி மெல்லிய பிளாஸ்டிக் நூலொன்றை எடுத்தாள். தூண்டில் நரம்பு போன்ற நூல். கண்ணை மூடு, நூல் படுவது தெரிந்தால் 'ஓம்', ஆமாம் என்று சொல்லு என்றாள். அவள் கண்ணை மூடினாள். தாதி குதிக்காலில் தொட்டாள். பேச்சில்லை. பாதத்தின் நடுவில் தொட்டாள். பேச்சில்லை. தாதி நூலை எடுத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"ஓம்," என்றாள் அவள்.

தாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள் மறுபடியும். ஒருவரும் அவளைத் தொடவில்லை. கொஞ்சம் விட்டு, அதே மரியாதையான குரலில், இன்னொரு "ஓம்." வேலை செய்கிற பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. தட்டை நீட்டினால் எடுக்காமல் விடக்கூடாது என்று வளர்ந்தவள். அந்த அறையில் கண்ணை மூடியபடி அவள் யாருக்கு ஓம் சொல்கிறாள் என்று தெரியாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம், என் கைமயிர் எல்லாம் எழும்பி நின்றது.

முடித்துவிட்டு அந்தத் தாதி, உங்களுக்கும் சீனியா, உங்கள் காலையும் பார்த்துவிடவா என்று என்னிடம் கேட்டாள். "எனக்கொண்டும் வேண்டாம் பிள்ளை. நான் பனிக்குள்ள வெறுங்காலோட கோயில் சுத்திற ஆள்," என்றேன்.

ரத்தம் ஓடாமல் அடைத்திருந்த குழாயைத் தொடைவழியாகத் திறப்போம், விரலை எடுக்க வேண்டும், பாதம் நிற்குமா என்று உள்ளே போய்த்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "எழும்பினதும் நான் கீழ பாக்கமாட்டன். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. பொய் சொல்லாதேங்கோ."

அவளை உள்ளே கொண்டுபோனதிலிருந்து திரும்பக் கொண்டுவரும்வரை நான் கும்பிடாத தெய்வம் இல்லை. அவளுடைய தெய்வத்தையும் கும்பிட்டேன், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல். கண் விழித்ததும் கூரையையே பார்த்துக்கொண்டு, "பாருங்கோ," என்றாள். நான் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன்.

"இருக்கு," என்றேன்.

"எதுவரைக்கும்?"

"முழங்கால் இருக்கு. கணுக்கால் இருக்கு. குதிக்கால் இருக்கு. பெருவிரல் வெளியால தெரியுது. பக்கத்தில ரெண்டும் இருக்கு."

"மற்றது?"

"மற்ற ரெண்டும் போயிட்டுது."

அவள் கூரையைப் பார்த்தபடியே சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அடுத்த கட்டிலில் இருந்த மனுஷி யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து மணியை அடித்துவிட்டாள்.

புண் ஆற வசந்தம் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி காலடி கேட்டது. ஒன்று கொஞ்சம் பாரமாக, ஒன்று கொஞ்சம் கவனமாக, ஆனால் இரண்டும் கால்தான். துக்கம் முடிந்தது. வெள்ளையை மாற்றி, நீலத்தில் ஒன்றை உடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். வீட்டுக்குள் சந்தனப்புகையும் திரும்பி வந்தது. தனக்கு இனி மருதாணி வேண்டாம், ஆனால் கை பரபரக்கிறது, உங்கள் காலைத் தாருங்கள் என்றாள். என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் வந்துகொண்டிருந்தது. "அங்க எல்லாரும் கலியாணப் பொம்பிளையை விட்டிட்டு உம்மைத்தான் பாக்கப்போயினம்," என்று கணவர் நக்கலடித்தார். போய்த் தொலையட்டும் என்று அடுத்த நாள் மத்தியானமே போனேன்.

சோபாவில் என்னைப் படுக்கவைத்து, தலைக்கு ஒன்றும் காலுக்கு ஒன்றுமாகத் தலையணை வைத்தாள். ஜன்னலால் வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மகள் பெருநாளுக்கு வரப்போவதையும், அக்காவுக்குப் புதுக் கால் ஒன்று பொருத்தப் போகிறார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டே, என் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்து வேலையைத் தொடங்கினாள். கதையில் எனக்குக் கண் சொருகியது. பிறகு வலது பாதத்தில் ஜில்லென்று விழுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. விரல் விரலாக, பாதத்தின் ஓரமாக, அந்தக் குளிர் மெதுவாகச் சுற்றிவந்தது. இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று தெரியாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

வலது கால் முடிந்தது. தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏன் நிப்பாட்டினீர்? இடது காலையும் தொடங்கும்," என்றேன்.

தட்டை எடுக்கிற சத்தம் கேட்கவில்லை.

"என்ன, களைச்சுப்போனீரோ?"

"அக்கா," என்றாள். "இடது காலைத்தானே நான் முதல்ல போட்டு முடிச்சனான்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. அவள் தலையணையைக் கொஞ்சம் நகர்த்துவது தெரிந்தது. அவளுடைய மூச்சு பக்கத்தில் கேட்டது.

"இப்ப நான் பிடிக்கிறது தெரியுதோ?"

"எதை?" என்று கேட்டேன்.